பயணக் குறிப்பா, பயக் குறிப்பா?

மொராக்கோ நாட்டிற்குச் சுற்றுலா செல்லவிருந்த நம் மஹல்லாக் குடும்பம் ஒன்று, புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் என்னைக் காண வந்தது. ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கும் இளைஞர், அவர் மனைவி, வயதான தாய் தந்தையர், இரண்டு பிள்ளைகள். துஆச் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பின்னர் அந்த இளைஞர், "ஹஜ்ரத், டிராவல்ஸில் இதைக் கொடுத்தார்கள். நீங்கள் அந்த நாட்டுக்குப் போய் வந்தவர். சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்" என்று இரண்டு தாள்களை நீட்டினார். "பயணிகளுக்கான அன்றாடக் குறிப்புகள்" என்று தலைப்பிட்டிருந்தது.

மொத்தம் இருபத்தேழு குறிப்புகள். அவற்றுள் பத்தொன்பது, யாரை நம்பக் கூடாது என்பதைப் பற்றியவை! கடைக்காரரை நம்பாதீர், வண்டிக்காரரை நம்பாதீர், வழி சொல்பவரை நம்பாதீர், சிரித்துப் பேசுபவரை நம்பாதீர், தேநீர் கொடுப்பவரைக் கட்டாயம் நம்பாதீர். சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு கேளுங்கள். பணத்தை மூன்று இடங்களில் ஒளித்து வையுங்கள். எஞ்சிய எட்டில் மூன்று, இந்திய உணவகங்கள் எங்கே இருக்கின்றன என்பது. ஒரு முஸ்லிம் நாட்டுக்கு முஸ்லிம் குடும்பம் ஒன்று செல்கிறது. "ஸலாம் சொல்லுங்கள்" என்று ஒரு குறிப்புக் கூட அதில் இல்லை.

இந்தத் தாளை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பீர்களானால், இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவோடு நானும் இப்படி ஒரு தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மொராக்கோவில் இறங்கினேன். அதனால் எனக்கு நேர்ந்த தலைகுனிவைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஃபெஸ் நகரின் பழைய நகர்ப்பகுதி, ஆயிரக்கணக்கான குறுஞ்சந்துகள் பின்னிக் கிடக்கும் ஊர். யுனெஸ்கோ நிறுவனம் 1981இல் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே ஒரு முதியவரின் சிறு கடையில் உலர்ந்த அத்திப்பழம் விலை கேட்டேன். "இருநூறு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கைப்பிடிப் பழத்திற்கு இருநூறு திர்ஹமா? தாளில் இருந்த பத்தொன்பது குறிப்புகளும் என் தலைக்குள் ஒன்றாகக் கூவின. முப்பது ஆண்டுகளாக நான் கற்பித்து வரும் இலக்கண சுத்தமான அரபியில், "முதியவரே, வயதுக்கேற்ற நேர்மை வேண்டாமா?" என்ற பொருள்படக் கடிந்து கூறினேன்.

அவர் கோபிக்கவில்லை. பணப்பெட்டியைத் திறந்து, பத்துத் திர்ஹம் நாணயம் ஒன்றை எடுத்துப் பலகை மீது வைத்து, அதை விரலால் தட்டிக் காட்டினார். "இதுதான் இருநூறு" என்றார். மொராக்கோவின் பழைய தலைமுறையினர் இன்றும் ரியால் கணக்கில் பேசுகின்றனர். அந்த ரியால் ஒரு நாணயமாகப் புழக்கத்தில் இல்லை; நாவில் மட்டுமே உயிரோடிருக்கிறது. இருபது ரியால் சேர்ந்தது ஒரு திர்ஹம். ஆகவே இருநூறு என்றால் பத்துத் திர்ஹம். நம் வீட்டுப் பாட்டிமார் அண்மைக்காலம் வரை நாலணா, எட்டணா என்று பேசவில்லையா? வேறு சிலர் பிராங்க் என்றும் சொல்வர்; நூறு பிராங்க் என்றால் ஒரு திர்ஹம். ஆயிரம் பிராங்க் என்று கேட்டு மயங்கி விழ வேண்டாம். அதுவும் அதே பத்துத் திர்ஹம்தான்.

இந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால் அந்தத் தாள் பயணக் குறிப்பு என்னும் பெயருக்குத் தகுதி பெற்றிருக்கும். அதைச் சொல்லாமல் "ஏமாற்றுவார்கள்" என்று மட்டும் சொன்னது. விளைவு? தாடி நரைத்த ஓர் ஆலிம், தாடி நரைத்த ஒரு வியாபாரியை, அவருக்கு நன்றாகவே புரியும் மொழியில் திருடன் என்று சொல்லிவிட்டு நின்றார். நான் வேறு மொழியில் திட்டியிருந்தால் அவருக்கு விளங்கியிராது. பள்ளிக்கூடத்தில் அரபி படித்த அவருக்கு என் ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று. மன்னிப்புக் கேட்டேன். பழத்தோடு ஒரு குவளைத் தேநீரும் கொடுத்தார். தாளின்படி நான் குடித்திருக்கக் கூடாத தேநீர்.

ஏமாற்றுவோர் அங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. மராகிஷ் நகரின் ஜாமிஉல் ஃபனா திடலில், கேளாமலேயே பெண்களின் கையைப் பிடித்து மருதாணி இட்டுவிட்டுப் பணம் கேட்பவர்கள் உண்டு. பாம்பாட்டியைப் படம் பிடித்தால் காசு கேட்பார். கேட்பதில் பிழையில்லை, அது அவர் பிழைப்பு. "இந்த வழி அடைபட்டிருக்கிறது, என்னோடு வாருங்கள்" என்று அழைத்துப்போய் உறவினர் கடையில் நிறுத்தும் போலி வழிகாட்டிகளும் உண்டு. அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி அடையாள அட்டை வைத்திருப்பார். இவர்களிடம் "லா, ஷுக்ரன்" என்று சொல்லி நடையை நிறுத்தாமல் செல்வதே போதும். காவல்துறையின் அவசர எண் 19. இதற்கு இரண்டு வரிகள் தேவை. பத்தொன்பது குறிப்புகள் தேவையில்லை.

வண்டிக்காரரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்குள் ஓடும் சிறு டாக்ஸிக்கு ஒவ்வொரு நகரிலும் ஒரு நிறம். காசாபிளாங்காவில் சிவப்பு, ரபாத்தில் நீலம். அதில் மூவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது சட்டம். நம் குடும்பமோ ஆறு பேர்! ஓட்டுநர் கையை விரித்தால், "இந்தியர் என்பதால் ஏற்ற மறுக்கிறான்" என்று முகம் சிவக்க வேண்டியதில்லை. இரண்டு வண்டி பிடியுங்கள். மீட்டரைப் போடச் சொல்லுங்கள். இரவில் கட்டணம் கூடும். வழியில் வேறொருவரை ஏற்றிக்கொண்டாலும் அது அங்கே வழக்கம். ஊர்விட்டு ஊர் போகும் பெரிய டாக்ஸியில் ஆறு பயணியர். ஆறாவது ஆள் வரும்வரை புறப்படாது. அவசரமென்றால் காலி இருக்கைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஓசூர் பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் பழகிய நமக்கு இதில் என்ன புதுமை?

தொழுகை விஷயத்தில் நம்மவர் செய்யும் காரியம் இதைவிட வேதனைக்குரியது. அங்குள்ளோர் மாலிகி மத்ஹபைச் சார்ந்தவர்கள். கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவோரை எங்கும் காணலாம். இமாம் ஒரே ஸலாமில் தொழுகையை முடிப்பார். குர்ஆனை வர்ஷ் அவர்களின் அறிவிப்பு முறைப்படி ஓதுவர். நாம் ஓதுவதோ ஹஃப்ஸ் அவர்களின் முறை. அல்ஃபாத்திஹா அத்தியாயத்திலேயே நாம் நெடிலாக ஓதும் ஒரு சொல்லை அவர்கள் குறிலாக ஓதுவர். எங்கள் குழுவில் ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர், மக்ரிப் தொழுகையில் இமாம் தவறாக ஓதிவிட்டார் என்று எண்ணி உரத்த குரலில் திருத்தினார்! தொழுகை முடிந்ததும் இரண்டு வரிசைகள் திரும்பி அவரைப் பார்த்தன. இமாமோ புன்னகையோடு வந்து அவர் கையைப் பற்றிக் குசலம் விசாரித்தார். வேறு இருவர் விடுதிக்கு வந்து தொழுகையைத் திரும்பத் தொழுதார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வர்ஷ், ஹஃப்ஸ் என்ற இரண்டு பெயர்களையும் அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்கச் செய்யாதவர்கள் நாங்கள், உஸ்தாதுகள்.

அவர்கள் செய்ததைப் பார்த்தபோது, அதே மொராக்கோ மண்ணில் பிறந்த ஒருவருக்கு நேர்ந்தது என் நினைவுக்கு வந்தது. 1304இல் தஞ்சா நகரில் பிறந்து, 1325இல் பயணம் புறப்பட்ட இப்னு பதூதா அவர்களை நாம் அறிவோம். நம் தமிழகத்துக்கு, அன்றைய மஅபருக்கு, 1340களில் வந்தவர். டில்லியில் அவர் மணந்த பெண்ணின் சகோதரிதான் மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் மனைவி. அவர் துருக்கி நாட்டின் கருங்கடல் கரையில் ஸினோப் என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, கைகளைத் தொங்கவிட்டுத் தொழுவதைக் கண்ட அவ்வூர் ஹனஃபிகள், இவர் எந்தக் கூட்டத்தவரோ என்று ஐயுற்றனர். மாலிகி மத்ஹபின் முறை அதுவென்று அவர்களுக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க முயல் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அவர்கள் ஐயுற்ற கூட்டத்தார் முயற்கறி உண்ணமாட்டார்கள் என்பது கணக்கு. இவர் அறுத்துச் சமைத்து உண்ட பிறகே ஐயம் நீங்கிற்று. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் சென்றுவிட்டன. ஸினோப் வாசிகளின் இடத்தில் இன்று ஓசூர்வாசிகள் நிற்கிறோம், முயல்தான் இல்லை.

பள்ளிவாசல் வாயிலில் "நீங்கள் முஸ்லிமா?" என்று காவலர் கேட்கக்கூடும். இதற்கும் நம்மவர் கோபிக்கின்றனர். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் லியோத்தே என்னும் ஆட்சியாளர் இட்ட ஆணையிலிருந்து தொடர்ந்து வரும் வழக்கம் அது. முஸ்லிமல்லாத பார்வையாளர் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் செல்வதில்லை. காசாபிளாங்காவில் கடலோரத்தில் 1993இல் திறக்கப்பட்ட இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல் இதற்கு விலக்கு. காவலர் தம் கடமையைச் செய்கிறார். ஸலாம் சொன்னால் வழி விடுகிறார். பல பள்ளிவாசல்களை இரு தொழுகைகளுக்கிடையே பூட்டிவிடுவார்கள் என்பதையும், நம் ஹனஃபிக் கணக்கைவிட அஸர் அங்கே முன்னதாகவே வந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள். ஃபஜ்ருக்கும் மக்ரிபுக்கும் பின் எல்லோரும் ஒரே குரலில் குர்ஆன் ஓதும் வழக்கம் உண்டு. எழுந்து ஓடாமல் ஓரமாக அமர்ந்து கேளுங்கள். அந்த அரைமணி நேரத்திற்காகவே நான் மறுபடியும் அங்கே போக விரும்புகிறேன்.

உணவைப் பற்றிய தாளின் அச்சம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஆட்டிறைச்சியும் கோதுமை ரொட்டியும் உண்ணும் நாட்டில் நமக்கென்ன குறை? ஊறுகாய் ஜாடியைச் சுமந்து செல்லும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி: உப்பிட்டு ஊறவைத்த எலுமிச்சையை அவர்கள் கறிக்குழம்பிலேயே போட்டுச் சமைக்கிறார்கள். ஒரே பாத்திரத்தில் பலர் சேர்ந்து உண்பர். அவரவர் தம் முன்னால் உள்ளதையே வலக்கையால் எடுக்க வேண்டும். இந்த ஒழுக்கத்தை நாம் பிள்ளைகளுக்கு ஹதீஸாக மனப்பாடம் செய்விக்கிறோம். அங்கே உணவுத் தட்டில் நடைமுறையாகப் பார்க்கலாம். எங்கள் குழுவினர் தனித்தனித் தட்டு கேட்டு வாங்கினர். புதினாத் தேநீரில் சர்க்கரை வெகுவாகப் போடுவார்கள். நீரிழிவு உள்ள பெரியவர்கள் முன்கூட்டியே "ப்லா ஸுக்கர்", சர்க்கரை வேண்டாம், என்று சொல்லிவிட வேண்டும்.

இப்போது மூல வினாவுக்கு வருகிறேன். இந்த அன்றாட அவதிகளுக்கெல்லாம் காரணம் என்ன? வாய் திறக்க மொழியில்லை. அதுவும் யாருக்கு? நாள்தோறும் அரபி எழுத்தை ஓதும் சமுதாயத்திற்கு! மூதாட்டிகள் அரபுத் தமிழில் கடிதம் எழுதிய சமுதாயத்திற்கு! ஏழு வயதில் குர்ஆன் முடித்ததற்கு இனிப்பு வழங்கிய பிள்ளை, இருபத்தேழு வயதில் காசாபிளாங்கா விமான நிலையத்தில் "மா" என்று தண்ணீர் கேட்கத் தெரியாமல் கைச்சாடை காட்டுகிறது.

அவர்கள் பேசுவது தாரிஜா என்னும் பேச்சரபி. நாம் கற்பிக்கும் இலக்கிய அரபி அங்கே செல்லாது என்பார்கள் சிலர். பாதி உண்மை. படித்தவர் எவரோடும் இலக்கிய அரபியில் பேச முடிகிறது. அதைத்தான் அந்த முதியவர் எனக்கு நிரூபித்தார். மீதிப் பாதிக்கு இருபது சொற்கள் வேண்டும். "பிஷ்ஹால்" என்றால் எவ்வளவு. "வக்கா" என்றால் சரி. "ஸாஃபி" என்றால் போதும். "பாலக்" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் சுவரோடு ஒதுங்குங்கள். சுமை ஏற்றிய கோவேறு கழுதை வருகிறது. இரவலருக்குக் கொடுக்க இயலாதபோது முகத்தைத் திருப்பாமல் "அல்லாஹ் யஸஹ்ஹில்" என்று சொல்ல வேண்டும். முதியவரை "அல்ஹாஜ்" என்றும், பெண்மணியை "லாலா" என்றும் அழைப்பர். இரண்டு என்பதற்கு "இஸ்னான்" என்று சொல்வதில்லை, "ஜூஜ்" என்பர். நம் எல்லையோர ஜூஜூவாடியை எண்ணிக்கொண்டால் மறக்காது. கடைகளில் விலை எழுதியிருப்பது நாம் மத்ரஸாவில் கற்ற அரபி எண்களில் அன்று. 1, 2, 3 என்றே எழுதுகிறார்கள். ஆகவே பிள்ளைகள் கூடப் படிப்பார்கள்.

கைபேசி மொழிபெயர்த்துவிடும் என்று அந்த இளைஞர் சொன்னார். மொழிபெயர்க்கும், தம்பி. அத்திப்பழக் கடையில் அது "இருநூறு" என்பதை "இருநூறு" என்றே மொழிபெயர்த்திருக்கும்.

மொழியைக் கண்டு அஞ்சுவதற்கு ஓசூர்வாசிக்கு எந்த நியாயமும் இல்லை. நம் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பெண்மணி தமிழில் கூவி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை எண்ணிக் கொடுத்து, உருதுவில் ஒருவரை நலம் விசாரிக்கிறார். எந்த மத்ரஸாவில் கற்றார்? அத்திப்பள்ளியைத் தாண்டியதும் நம் நாக்கு தானாகவே கன்னடத்துக்கு மாறவில்லையா? மொராக்கோவும் அப்படித்தான்: தாரிஜா, 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஆட்சிமொழித் தகுதி பெற்ற அமாஸிக், அலுவலகங்களில் பிரெஞ்சு, வடக்கே ஸ்பானிஷ். நம் ஊரைப் போன்றதோர் ஊர். எழுத்து மட்டும் வேறு.

இன்னொன்றும் எண்ணிப் பார்ப்போம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் இளைஞர்கள் ஓசூரைப் பற்றி ஒரு தாள் எழுதினால் எப்படி இருக்கும்? "ஆட்டோவில் ஏறுமுன் கட்டணம் பேசுங்கள். அறை வாடகைக்கு முன்பணம் உள்ளூராருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. கடையில் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்." மூன்று வரிகளும் பொய்யென்று நம்மால் சொல்ல முடியுமா? அந்த மூன்று வரிகள்தாம் ஓசூர் என்று எவரேனும் சொன்னால் நமக்கு எப்படி எரியும்!

ஞாயிற்றுக்கிழமை மக்தபில் நாற்பது நிமிடம் பேச்சரபிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஜமாஅத் நிர்வாகத்திடம் கேட்டிருந்தேன். "ஹஜ்ரத், அரபி மார்க்கத்துக்காக, கடைத்தெருவுக்காக அன்று" என்று ஒரு பெரியவர் பதில் சொன்னார். நல்ல மனிதர், பள்ளிவாசலுக்கு நிறையச் செய்தவர். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகராக வாழ்ந்த ஆண்டுகளில் கடைத்தெருவில் எந்த மொழியில் பேசினார்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு அன்று நா எழவில்லை. இங்கே கேட்கிறேன். அளவிலும் நிறுவையிலும் நேர்மையைக் கற்பித்த மார்க்கத்தின் மொழி, தராசுக்கு முன்னால் நின்று பேசினால் தீட்டுப்பட்டுவிடுமா? தமிழகக் கடற்கரைக்கு இந்த மொழியைக் கொண்டுவந்தவர்களுள் குதிரையும் முத்தும் விற்க வந்த வணிகர்கள் எத்தனை பேர்!

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னவை இவை: விசா விதிகள் மாறிக்கொண்டேயிருக்கும், ஆதலால் தூதரகத்தின் அறிவிப்பையே நம்புங்கள். திர்ஹத்தை அந்த நாட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மீதத்தைத் திருப்பி மாற்றும்போது கேட்பார்கள். நம் மூன்று முனை மின்செருகி அங்கே நுழையாது. ஓசூர்க் குளிரை அறிந்தவர்கள் என்ற தைரியத்தில் குளிர்காலத்தில் கம்பளி இல்லாமல் ஃபெஸ் போகாதீர்கள். வெள்ளி நண்பகலில் பழைய நகர்க் கடைகள் பலவும் சாத்தியிருக்கும். வீடுகளில் குஸ்குஸ் உணவு நாள் அது. பெரியவர், "தண்ணீருக்கு என்ன சொல்வது?" என்று கேட்டார். "மா" என்றேன். "இது அல்லாஹ்வின் கிதாபில் வருகிற சொல்லாயிற்றே!" என்று வியந்தார். எழுபது வயதில் அவருக்கு அது அன்றுதான் தாகம் தீர்க்கும் சொல்லாகத் தெரிந்தது.

நிர்வாகத்திடமிருந்து இன்னும் முடிவு வரவில்லை. வரும்வரை ஞாயிறுதோறும் ஃபஜ்ருக்குப் பின் அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். மொராக்கோவோ மிஸ்ரோ தூனிஸோ செல்வோர் வரலாம், பெண்கள் உள்ளறையில் அமரலாம், கட்டணம் இல்லை. டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளைத் தவறாமல் எடுத்து வாருங்கள். பின்பக்கம் வெற்றாக இருக்கிறது. சொற்களை எழுதிக்கொள்ள உதவும்.